கணக்கில் உதைத்த 75 சென்ட்

1986 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு துறையிடமும் நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் வசூலிப்பார்கள். அந்த மாதக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. ஆய்வு நிதி தீர்ந்துபோய், வானியலிலிருந்து கணினிப் பிரிவுக்கு வந்து சேர்ந்திருந்த கிளிஃபோர்ட் ஸ்டோலிடம் அந்தக் கணக்கை நேர்செய்யச் சொன்னார்கள். புதிதாக வந்தவர் தலையில் கட்டுகிற வேலைதான்.

தோண்டிப் பார்த்ததில், முகவரியே இல்லாத ஒரு பயனர் சில விநாடிகள் கணினியை ஓட்டியிருந்தது தெரிந்தது. யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள்.

இன்று இப்படி நடந்தால் மறுநாள் செய்தியில் 'ஹேக்கர் கைவரிசை' என்று வரும். இதைக் கேட்டால் பழைய கணினிக்காரர்களுக்குக் கோபம் வரும், அதில் நியாயமும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாதிரி ரயில் ஓட்டி விளையாடிய மாணவர் சங்கம் ஒன்று இருந்தது. பழைய டெலிஃபோன் ரிலேக்களைக் கோத்துத் தண்டவாளங்களை இயக்கிய அந்தப் பையன்கள், 1950களின் கடைசியில் கணினிப் பக்கம் வந்தார்கள். ஒரு கருவியின் உள்வயிற்றைப் புரிந்துகொண்டு, செய்தவரே நினைக்காத வேலையை அதனிடம் வாங்குவதுதான் அவர்கள் அகராதியில் ஹேக்கிங். திருட்டுக்கு அதில் இடமே கிடையாது. பத்திரிகைகள் பூட்டு உடைப்பவர்களுக்கும் அதே பட்டத்தைக் கொடுக்க ஆரம்பித்ததும், 1985 வாக்கில் 'கிராக்கர்' என்று தனிப்பெயர் வைத்துப் பார்த்தார்கள். பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை.

பெர்க்லிக்கு வருவோம், ஏனென்றால் அங்கே இந்த இரண்டு வகையும் நேருக்கு நேர் மோதின.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சக ஊழியர்களின் மேஜைகளிலிருந்த பிரின்டர்களையும் டெர்மினல்களையும் ஸ்டோல் அள்ளிக்கொண்டு வந்தார். வெளியிலிருந்து வரும் சுமார் 50 இணைப்புகளில் ஒவ்வொன்றிலும் ஒன்றைச் செருகிவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கினார். விடிந்தபோது ஒரு பிரின்டர் 80 அடி காகிதத்தைக் கக்கியிருந்தது. புகுந்தவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அதில் இருந்தது.

நுழைந்த விதம் இதுதான். ஈமேக்ஸ் என்ற எழுது மென்பொருளோடு, அஞ்சல் கோப்புகளை இடம் மாற்றும் சின்ன நிரல் ஒன்று வரும். அந்த ஆய்வகத்தில் அதற்குக் கணினி நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் கொடுத்து வைத்திருந்தார்கள். கோப்பை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்று அது சரிபார்க்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி தானே எழுப்பி ஓட்டும் நிரல் ஒன்று உண்டு. புகுந்தவர் அதன் இடத்தில் தன்னுடைய போலியை வைத்துவிட்டுக் காத்திருந்தார். தன் முட்டை என்று நம்பிக் குயில் முட்டையை அடைகாக்கும் காகம்போல, கணினி போலியை ஓட்டி நிர்வாகி அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது. ஸ்டோல் பின்னால் எழுதிய புத்தகத்தின் தலைப்பே குயிலின் முட்டை.

இந்த ஓர் உத்தியைத் தவிர அந்த ஆளிடம் பெரிய சாமர்த்தியம் எதுவும் தெரியவில்லை. மற்ற கணினிகளில் 'கெஸ்ட்' என்ற பெயருக்கு 'கெஸ்ட்' என்றே பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தார். கம்பெனி விற்கும்போது வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த இடங்களில் சுளுவாக நுழைந்தார். சங்கேதமாக்கிய பாஸ்வேர்டு பட்டியலைத் தன் கணினிக்கு இறக்கிக்கொண்டார்; அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாக அதே முறையில் சங்கேதமாக்கி, எது பொருந்துகிறது என்று பார்த்தார். சுமார் 450 கணினிகளைத் தட்டிப் பார்த்து 30க்கு மேல் உள்ளே போனார். அவருடைய பலம் பொறுமை மட்டுமே.

பிடித்தவர்கள் பக்கத்து மூளையோ வேறு ரகம். புகுந்தவர் ஒரு கட்டளையோடு தேவையில்லாத 'எஃப்' எழுத்தையும் சேர்த்து அடித்தார். யூனிக்ஸ் இயங்குதளத்தின் பெர்க்லி வகையில் அதற்கு அவசியமே இல்லை. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் வகையில் உண்டு. உள்ளூர்ப் பழக்கமுள்ள ஆள் இல்லை இவர் என்று ஸ்டோலின் சக ஊழியர் ஒருவர் அந்த ஓர் எழுத்தில் கண்டுபிடித்தார். முக்கியமான கோப்பு ஒன்றை எதிராளி இறக்க முயன்றபோது, இணைப்பைத் துண்டித்தால் உஷாராகிவிடுவார் என்று ஸ்டோல் தன் சாவிக்கொத்தைக் கம்பி முனைகளில் உரசினார். லைனில் இரைச்சல் விழுந்து கோப்பு சிதைந்தது. எம்.ஐ.டி. பையன்கள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

தடம் ஜெர்மனியின் ஹானோவர் வரை போய் நின்றது. அங்கே தொலைபேசி நிலையத்தில் பழைய இயந்திரச் சுவிட்சுகள்; ஊழியர் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும், அதற்கு எதிராளி நெடுநேரம் லைனில் இருக்க வேண்டும். ராணுவ ரகசியம்போல் தோன்றும் பொய்க் கோப்புகளைக் குவித்து வைத்தார் ஸ்டோல். ஆள் உட்கார்ந்து ஆசையாகப் படித்தார், சிக்கினார். மார்கஸ் ஹெஸ் என்ற அவரும் கூட்டாளிகளும் சோவியத் உளவு நிறுவனமான கேஜிபிக்குத் தகவல் விற்றவர்கள் என்று 1990இல் ஜெர்மன் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

நம்மூர் டி.டி.பி. கடைகளில் புழங்கிய 'கிராக் வெர்ஷன்' மென்பொருள் கிராக்கர் குடும்பத்தின் இன்னொரு கிளை. சீரியல் எண் தவறானால் வெளியே தள்ளும்படி நிரலில் ஒரு கட்டளை இருக்கும். அதைத் திருத்தி எந்த எண் அடித்தாலும் உள்ளே விடும்படி செய்துவிடுவார்கள்.

சொல் விஷயத்தில் நம் சட்டமும் முதலில் பத்திரிகைக்காரர்கள் பக்கமே நின்றது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஆம் பிரிவின் தலைப்பே ஹேக்கிங்தான். மூன்று ஆண்டு வரை சிறை. 2008இல் திருத்தியபோது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'கணினி தொடர்பான குற்றங்கள்' என்று போட்டார்கள். நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்திருந்தால்தான் இப்போது அந்தப் பிரிவு பாயும். ஆனால் 43ஆம் பிரிவு அப்படி மனசைப் பார்ப்பதில்லை. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நுழைந்தாலே இழப்பீடு கேட்கலாம். ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் பரிசு தருவதாக நிறுவனங்கள் அறிவிக்கும்போது, எந்தெந்த சர்வரைச் சோதிக்கலாம் என்று பட்டியல் போடுவது இதனால்தான். பட்டியலில் இல்லாத சர்வரில் கை வைக்கும் கல்லூரி மாணவர், பரிசை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது வக்கீல் நோட்டீஸ் வரவும் வாய்ப்பிருக்கிறது.