ஏற்றமும் துவிச்சக்கர வண்டியும்

யாழ்ப்பாணத்துச் சமதரையிலே சைக்கிள் பழகியவர்கள் யாம். எதிர்க்காற்றைத் தவிர அங்கு வேறு ஏற்றம் கிடையாது. வத்தேகமவுக்கு ஆசிரியராய் வந்த முதற்கிழமையிலேயே, பன்வில நோக்கி ஏறும் வீதியில் எமது வல்லமையை மாணவர் காணவேண்டும் என்னும் ஆசை பிறந்தது. எழுந்து நின்று மிதித்தோம். இரண்டு வளைவு கடக்குமுன்னரே கண் இருண்டது, மதகொன்றில் அமர்ந்தோம். அவ்வேளை தோளிலே விறகுக் கட்டுடன் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், மாறாத நடையில் எம்மைக் கடந்து ஏறினார். "மாஸ்டர் ஐயா, மலையில அவசரப்பட்டா மலைதான் ஜெயிக்கும்" என்று சிரித்தபடி சொல்லிச் சென்றார். யாம் பின்னர் கற்றவை யாவும் அவ்வொரு வாக்கியத்தின் விரிவுரையே.

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்வோம். 100 மீற்றர் உயரம் ஏற ஏறத்தாழ 78,000 யூல் சக்தி வேண்டும். இஃது இயற்கை விதித்த வரி. எவ்வித வித்தையாலும் குறையாது. ஆயினும் தவணைமுறையிற் செலுத்தலாம். பத்து நிமிடத்தில் ஏறினால் 130 வாற்று வலு போதும். ஐந்து நிமிடத்தில் ஏற முயன்றால் 260 வாற்று வேண்டும். முன்னதைப் பழகிய உடல் தாங்கும். பின்னது பயிற்சி பெற்ற வீரனுக்கே உரியது.

இத்தவணையை எளிதாக்குவதே கியரின் பணி. முன்னே 48 பற்களும் பின்னே 20 பற்களும் உள்ள சாதாரண சைக்கிள், மிதி ஒரு முறை சுழல ஐந்து மீற்றருக்கு மேல் ஓடும். பந்தயச் சைக்கிளில் முன்னே 34, பின்னே 34 எனப் பொருத்தினால் சில்லு ஒரு முறையே சுழலும். வண்டி இரண்டு மீற்றர் அளவே நகரும். காலுக்கு வேண்டிய விசையோ ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகிறது.

கியரை ஏற்றம் தொடங்குமுன்னரே மாற்றுக. சங்கிலி இறுகிய பின் மாற்றினால் அது கழலவுங்கூடும். ஆசனத்தில் அமர்ந்தே ஏறுக. கைகளைத் தளர்த்திக் கைபிடியின் மேற்பகுதியிற் பிடித்தால் நெஞ்சு விரிந்து மூச்சுச் சீராகும். நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று மிதித்தல் நன்று. ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச இயலாவிடின் வேகம் மிகுந்துவிட்டதென அறிக. எழுந்து நின்று மிதித்தல் கடும் மேட்டைச் சிறிது நேரம் கடப்பதற்கும், முதுகை ஆற்றுவதற்கும் மட்டுமே. கொண்டையூசி வளைவின் உட்புறமே மிகச் செங்குத்தானது. ஆதலின் இடப்பக்கம் திரும்பும் வளைவில் நமது பாதிக்குள்ளேயே சற்று வெளிப்புறமாகச் செல்க. எதிரே பேருந்து வரும் பாதியினுள் நுழைதல் ஆகாது.

இறக்கத்தில் வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணிக்கவேண்டும். இரு பிறேக்குகளையும் விட்டு விட்டுப் பிடித்தல் முறை. இடைவிடாது அழுத்தினால் சில்லின் விளிம்பு சூடேறும்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் இயலாத மேடு வருமாயின் இறங்கி உருட்டுக. 1910 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பெரும் பந்தயம், 2,115 மீற்றர் உயரமான தூர்மலே கணவாயை முதன்முறையாக ஏறியது. அவ்வாண்டு வாகை சூடிய ஒக்தாவ் லபீசும் அம்மலையிற் சிறிது தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவரே. மடைமாற்றும் கியருக்கு அப்பந்தயம் இடங்கொடுத்தது 1937 இலேதான்.

2022 இல் எரிபொருள் அற்றுப்போன நாட்களில் நம் மாணவர் சிலர் சைக்கிளில் வந்தனர். மேட்டில் உருட்டி வந்தோரைக் கண்டு வாயிலில் நின்ற சிலர் நகைத்தனர். மறுநாள் ஒரு மாணவன் வரவில்லை. அவனிடம் எம் மதகுக் கதையைச் சொன்னோம். அதற்கடுத்த நாள் வந்தான், உருட்டிக்கொண்டே. மாதமொன்று செல்ல அம்மேட்டை அமர்ந்தபடியே ஏறினான். வாயிலில் அன்று நகைப்பொலி எழவில்லை.