மௌத்துக்குப் பிறகு வீட்டார் பார்க்க வேண்டிய தாள் வேலைகள்

குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுது, அடக்கம் செய்து முடிக்கும் வரை நம் மஹல்லாவில் எந்தக் குடும்பமும் தனித்து விடப்படுவதில்லை. குழி வெட்டுவது முதல் வந்தவர்களுக்குச் சாப்பாடு வரை கவனிக்க ஆள் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் வீட்டார் தனியாகிறார்கள். பேங்க், தாலுகா ஆபீஸ் என்று அவர்கள் அலையத் தொடங்குவது பெரும்பாலும் நான்கைந்து மாதம் கழித்து, கையில் பணம் தீர்ந்த பிறகு. அதற்குள் சுலபமான வேலைகள் சிக்கலாகிவிடுகின்றன.

முதல் வேலை இறப்புப் பதிவு. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மௌத்தானால் ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பும். வீட்டில் என்றால் வீட்டார்தான் சொல்ல வேண்டும்: கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், மற்ற ஊர்களில் பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில். குடியிருந்த ஊரில் அல்ல, உயிர் பிரிந்த ஊரில்தான் பதிவாகும். மதுரை ஆஸ்பத்திரியில் மௌத்தானவருக்கு மதுரையில்தான் சான்றிதழ். வீட்டில் இறந்தவருக்குக் கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரின் சான்றும், கபருஸ்தானில் அடக்கியதற்கு ஜமாஅத் கடிதமும் கேட்பார்கள். அந்தக் கடிதத்தை அடக்கம் நடந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி, ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு என்று வேலை ஏறிக்கொண்டே போகும்.

“உம்மா இத்தாவில் இருக்கிறார், மகன் சவூதியில் இருக்கிறார், நான்கு மாதம் பத்து நாள் முடியட்டும்” என்று இதைத் தள்ளிப்போடுகிறார்கள். தேவையே இல்லை. பதிவுக்கு மனைவி நேரில் போக வேண்டியதில்லை. மருமகன், தம்பி என்று நெருங்கிய உறவினர் யாரும் தகவல் கொடுக்கலாம். மனைவியின் கையெழுத்து வேண்டிய படிவங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வாங்கலாம். கைரேகைக்காக அவரே வந்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் ஆலிமிடம் கேளுங்கள். அவசியத் தேவைக்குப் பகலில் வெளியே போய்வர மார்க்கத்தில் இடமிருக்கிறது.

பதிவில் அதிகம் கவனிக்க வேண்டியது பெயர். நம் பெயர்கள் படும் பாடு வேறு யாருக்கும் வராது. ரேஷன் கார்டில் முகமது இபுராகிம், ஆதாரில் முஹம்மத் இப்ராஹீம், பழைய கிரயப் பத்திரத்தில் இபுராகிம் ராவுத்தர். பெண்கள் பாடு இன்னும் மோசம்: பாத்திமா பீவி, பாத்துமுத்து, ஃபாத்திமா மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், பேங்க் மேனேஜருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். எனவே துக்கத்தில் யாரோ ஒருவர் வாய்மொழியாகப் பெயரைச் சொல்லிவிட்டு வருவது கூடாது. மௌத்தானவரின் ஆதார், பேங்க் பாஸ்புக் இரண்டையும் கையில் கொண்டுபோய், அதில் உள்ளபடியே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். தகப்பனார் பெயர், மனைவி பெயர், முகவரி எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். பதிவாகும் முன் ஒருமுறை வாசித்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பிறகு திருத்துவதற்கு அஃபிடவிட், ஆதாரங்கள், பலமுறை நடை. சான்றிதழ் கிடைத்ததும் பத்துப் பிரதியாவது எடுத்து வையுங்கள்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விசாரணைக்குப் பின் தாசில்தார் தருவார். இதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விட்டுவிடுகிறார்கள். “அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று” என்று காரணமும் சொல்கிறார்கள். கல்யாணத்தில் போட்ட நகை வேறு, ஃபராயிளில் அவளுக்குள்ள பங்கு வேறு. மௌத்தானவரின் தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. பிள்ளைகள் இருக்கும்போது ஆறில் ஒன்று. மனைவிக்கு எட்டில் ஒன்று. யார் யார் வாரிசு என்பதைத்தான் சான்றிதழ் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்பதை அது தீர்மானிக்காது. ஆனால் அதில் பெயரே இல்லாதவர் தன் பங்கைக் கேட்டுக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

பேங்க் கணக்கில் நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாளச் சான்றும் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். நாமினி இருக்கும்போது கோர்ட் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது. தாள்கள் சரியாக இருந்தால் 15 நாட்களுக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், அதற்குச் சொந்தக்காரர் அல்ல. மூத்த மகன் பெயர் நாமினியாக இருப்பதால் பணம் முழுவதும் அவருடையது ஆகிவிடாது. அடக்கச் செலவு, கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத், அதன் பின்தான் பங்கு. கடன் என்றால் கைமாற்று மட்டுமல்ல. கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான். அலமாரியில் அடகுச் சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போய்விடும். ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் தெரியும் என்பதற்காக ஒருவர் மட்டும் பணம் எடுத்துவிடுவது சட்டப்படியும் தவறு, குடும்பத்தில் சண்டைக்கும் அதுவே தொடக்கம்.

பாஸ்புக்கை வரிவரியாகப் பாருங்கள். மே, ஜூன் வாக்கில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. 55 வயதுக்குள் மௌத்தானவர் என்றால் 2 லட்சம் ரூபாய் வரும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. பணம் பிடித்தது தெரியாமலேயே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. காப்பீடு பற்றிய மார்க்கக் கேள்வியை ஆலிமிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஃப். பிடித்த கம்பெனியில் வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு பி.எஃப். தொகை போக, 7 லட்சம் வரை காப்பீடும் குடும்ப பென்ஷனும் உண்டு. இமாம், முஅத்தின் போன்றோர் உலமாக்கள் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தார்களா என்று அடையாள அட்டையைத் தேடுங்கள்.

பென்ஷன் வாங்கியவர் என்றால் அந்த அலுவலகத்துக்கு உடனே எழுதுங்கள். மௌத்துக்குப் பின் வரவாகும் பணத்தைத் திருப்பிப் பிடிப்பார்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மின் இணைப்பு, கேஸ், வீட்டு வரி எல்லாம் பொறுத்துச் செய்யலாம். செல்போன் சிம்மை மட்டும் அவசரப்பட்டு ரத்து செய்துவிடாதீர்கள். பேங்க், பி.எஃப். செய்திகள் அந்த எண்ணுக்குத்தான் வரும். வேலைகள் முடியும் வரை ரீசார்ஜ் செய்து, வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும்.

படிவம் நிரப்ப உதவி வேண்டுவோர் அஸர் தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். இத்தாவில் இருக்கும் பெண்கள் சொல்லி அனுப்பினால் சகோதரிகள் வீட்டுக்கே வருவார்கள். வரும்போது ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு, இருந்தால் ஜமாஅத் கடிதம் இவற்றை எடுத்து வையுங்கள்.