டயரின் விளிம்பில் ஒரு கணக்கு

பிரிட்டனில் 3,000 கிலோவுக்கு மேல் 3,500 கிலோ வரை மொத்த எடை அனுமதிக்கப்பட்ட சரக்கு வேன்கள் வாகனத் தகுதிச் சோதனையின் ஏழாம் வகுப்பில் பரீட்சிக்கப்படுகின்றன. அங்கே டயரின் பட்டன் தேய்மானத்தை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு, புத்தம்புதிய டயரும் நிராகரிக்கப்படுவது விசித்திரமாகத் தோன்றக்கூடும். பக்கச்சுவரில் அளவை அடுத்து வரும் 109/107 என்ற எண்களில், முன்னது தனிச் சக்கரமாகப் பூட்டினால் 1,030 கிலோவையும், பின்னது ஜோடியாகப் பூட்டினால் ஒவ்வொன்றும் 975 கிலோவையும் தாங்கும் என்பதற்கான சங்கேதம். வண்டித் தகட்டில் பின்னச்சுக்கு 2,250 கிலோ என்றிருக்க, இரு தனி டயர்களும் சேர்ந்து 2,060 கிலோதான் தாங்குமெனில், புதிதாயிருந்து என்ன பிரயோஜனம்? வேன் காலியாக வந்து நின்றாலும் தகட்டிலுள்ள உச்ச எடையே பிரமாணம். மலிவென்று கார் டயரை மாட்டி வருபவர்மீது எனக்கு அனுதாபமுண்டு. ரப்பருக்கோ அது கிடையாது, பாரம் மிகும்போது பக்கச்சுவர் மிதமிஞ்சி வளைந்து, உஷ்ணமேறி, உள்ளடுக்குகள் பிரிந்துவிடுகின்றன.