பல் படும் பாடு – 14: சோற்றில் ஒரு கல்

சென்ற வாரம், பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிடும் வேர் சிகிச்சையை (ரூட் கேனால்) முடித்து, பல்லை அடைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். இந்த வாரம் அந்தப் பல்லுக்கு மேலே கேப் என்ற உறை போடுவது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் பார்க்கும் வாசகர் ஒருவர் போனில் கேட்ட கேள்வி வாரம் முழுக்க என்னை விடவில்லை.

“நரம்பையே எடுத்தாச்சுன்னு சொன்னாங்க சார். அப்புறம் எதுதான் வலிக்குது?”

ரூட் கேனால் முடிந்து மூன்று வாரமாம். சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் இட்லியைக் கடித்தால்கூட சுரீர் என்கிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

வலி பல்லுக்குள் இல்லை, பல்லைச் சுற்றி இருக்கிறது. பல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் இடைவெளி. அதை நிறைத்திருக்கும் நார்களில், தூளியில் குழந்தை கிடப்பதுபோல் பல் தொங்குகிறது.

சாப்பிடும்போது சோற்றில் ஒரு பொடிக்கல் கடிபடுகிறது. கல் என்று மனதில் தோன்றுவதற்குள் தாடை தானாகத் திறந்துவிடுகிறது. அந்தக் கல்லைக் கண்டுபிடிப்பதில் பெரும்பங்கு அந்த நார்களுக்கு நடுவே இருக்கும் உணர்முனைகளுக்குத்தான். தலைமுடி ஒன்றைப் பற்களுக்கு இடையே வைத்து மெதுவாகக் கடித்துப் பாருங்கள், தெரியும். முடியின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், பலருக்கு அதுவும் இருக்காது. சொந்தப் பற்கள் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூட உணரக்கூடியவை! எலும்பில் திருகு பதித்துச் செயற்கைப் பல் (இம்ப்ளான்ட்) வைத்தவர்களுக்கு இந்தக் கூர்மை கிடையாது. திருகு நேராக எலும்போடு பிணைந்துவிடுவதால் நடுவே நாருக்கு இடமே இல்லை. ‘பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாம்’ என்று அவசரப்படுகிற எவரிடமும் இதை ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வேர் சிகிச்சை செய்த பல்லில் அந்த நார்கள் அப்படியே இருக்கின்றன. அதைச் ‘செத்த பல்’ என்று சொல்லாதீர்கள்.

அந்த நார்கள் இருப்பதால்தான் அது வலிக்கவும் செய்கிறது. பழைய கிருமித் தொற்று, சுத்தம் செய்த கம்பி, கழுவிய மருந்து எல்லாம் வேர் நுனியில் நார்களைப் புண்ணாக்கியிருக்கும். சில நாள், மிஞ்சினால் ஒரு வாரம், கடித்தால் வலிப்பது சகஜம். மூன்று வாரம் சகஜம் அல்ல.

முதலில் பார்க்க வேண்டியது அடைப்பின் உயரம். மருத்துவர் நீலக் கார்பன் தாளை நடுவே வைத்து “கடிங்க, தேய்ங்க” என்பார். மற்ற பற்களில் லேசாக நீலம் ஒற்றியிருக்க, இந்தப் பல்லில் மட்டும் அழுத்தமாக ஒரு பொட்டு விழுந்தால் அங்கேதான் இடிக்கிறது. அந்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டாலே பலருக்கு நிம்மதி.

அதிலும் தீராவிட்டால் எக்ஸ்ரே. பல்லில் விரிசல் இருக்கலாம், வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய்களில் ஒன்று சுத்தம் செய்யாமல் விடுபட்டிருக்கலாம். மேல்வரிசை முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று. பாதிப் பேருக்கு மேல் நாலாவது கால்வாய் ஒன்று ஒளிந்திருக்கும். இந்தக் கால்வாய்கள் எவ்வளவு சிக்கலானவை என்று முன்பே ஒருவர் காட்டியிருக்கிறார். சூரிச்சில் வால்டர் ஹெஸ் என்பவர் பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி இறுக வைத்து, பிறகு பல்லை மட்டும் கரைத்துவிட்டார். உள்ளே இருந்த கால்வாய்களின் வடிவம் ரப்பராக மிஞ்சியது. 1917இல் அவர் வெளியிட்ட அந்தக் கிளை கிளையான உருவங்களைப் பார்த்தால் எந்தப் பல் மருத்துவரையும் திட்ட மனம் வராது. அதற்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

ஆறு மாதம் கடந்தும் வலிப்பது நூற்றில் ஐந்து பேருக்கு. அதில் பாதிக்கு மேல் பல்லே காரணமில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. தாடைத் தசையாக இருக்கலாம், சைனஸாக இருக்கலாம், மின்சாரம் பாய்வதுபோல் வெட்டும் முகநரம்பு வலியாக இருக்கலாம். இந்த நரம்பு வலிக்காக நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. காரணம் தெரியாமல் இன்னொரு பல்லில் கை வைக்க விடாதீர்கள்.

சேதராப்பட்டு வாசகரிடம் சிகிச்சை செய்த இடத்துக்கே முதலில் போகச் சொன்னேன். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் கோரிமேட்டுப் பக்கம் இந்திரா நகரில் மகாத்மா காந்தி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பழைய எக்ஸ்ரேயை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம் என்றால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பக்கம் முடிந்துவிட்டது. கேப் அடுத்த வாரம்தான். அதுவரை, வேர் சிகிச்சை செய்து கேப் போடாத கடைவாய்ப் பல்லால் முறுக்கு கடிக்க வேண்டாம்.