ரத்த ரிப்போர்ட்டில் ஜோசியம் பார்க்காதீர்கள்!

போன மாதம் ஒரு பையன் அப்பாவின் ரத்த ரிப்போர்ட்டோடு என் வைத்தியசாலைக்கு வந்தான். அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். கீமோ இரண்டு தவணை முடிந்திருக்கிறது.

"நியூட்ரோஃபில் 84, லிம்போசைட் 12. வகுத்தா 7 வருது ஐயா. 5-க்கு மேல போனா மருந்து கேட்காதாம், செல்போன்ல போட்டிருக்கு. கீமோவை நிறுத்திடறோம், நீங்க ஏதாவது சூரணம் கொடுங்க" என்றான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அந்தக் கணக்கு பொய்யில்லை, வாசகர்களே. புற்றுக்கட்டி உள்ள உடம்பில் அழற்சி கனன்றுகொண்டே இருந்தால், நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணு ஏறும். நோயோடு போராடும் லிம்போசைட் இறங்கும். ஈரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அதிகமாக உண்டாக்கும், அல்புமின் குறையும். கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதை ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோ 1863-லேயே கவனித்துச் சொன்னார். 2003-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ டாக்டர்கள், நுரையீரல் புற்றுநோய்க்காரர்களிடம் சி.ஆர்.பி.யையும் அல்புமினையும் சேர்த்து 0, 1, 2 என மதிப்பெண் போட்டார்கள். சி.ஆர்.பி. 10 மில்லிகிராமுக்கு மேல், அல்புமின் 3.5 கிராமுக்குக் கீழ் என்றால் 2. அவர்களுக்குப் பொதுவாக ஆயுள் குறைவாக இருந்தது.

'பொதுவாக' என்பதைக் கவனியுங்கள். பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு அது. உங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன ஆகும் என்று அது சொல்லாது. எண் ஏறினால் சிகிச்சையை நிறுத்து என்றும் அதற்கு அர்த்தமில்லை.

"தம்பி, ரத்தம் எப்போ எடுத்தது?" என்று கேட்டேன். கீமோ ஏற்றிய மறுநாளாம்! வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் மாத்திரை வேறு போயிருக்கிறது. அது ஸ்டீராய்டு. நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்க அது ஒன்றே போதும். வெள்ளணு கூட்டப் போடும் ஊசி, பல்லில் சீழ், நெஞ்சுச் சளி, மூத்திரக் கடுப்பு, எல்லாமே இந்த எண்ணைக் குழப்பிவிடும். நாடி பார்க்கும் நாங்களும், ஓடி வந்தவரைக் கொஞ்சம் உட்கார வைத்துத்தான் கை பிடிப்போம்.

ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, அன்றைக்கு என்ன மாத்திரை, காய்ச்சல் இருந்ததா என்று ஓரத்தில் எழுதிப் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். கஷாயமோ லேகியமோ, எங்கள் மருந்தே ஆனாலும் அவரிடம் மறைக்காதீர்கள். கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்பாவுக்கு மூன்றாவது தவணை ஏற்றியாகிவிட்டது. சூரணம் தரவில்லையென்று பையனுக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான்.