கைக்குழந்தையின் மூச்சை எண்ணுவோம்

மழை ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில், சேலம், நாமக்கல் பகுதிகளிலுள்ள மருத்துவமனைகளில் கைக்குழந்தைகளை ஏந்திய தாய்மார் பலரை நாம் காண்கிறோம். "நெஞ்சில் சளி கட்டிவிட்டது, மூச்சு இரைக்கிறது" என்பதே பலரின் கவலை. மூச்சு நுண்குழாய் அழற்சி எனும் நோய் இவ்வாறே வெளிப்படும். மருத்துவர்கள் இதனைப் 'பிராங்கியோலைட்டிஸ்' என்பர்.

இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளை, சிறப்பாக ஓராண்டு நிறையாதவர்களை, இது பற்றும். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் கிருமியே இதற்குக் காரணம். 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிம்பன்சிக் குரங்குகளிடம் கண்டறியப்பட்ட இக்கிருமி, விரைவிலேயே குழந்தைகளிடமும் காணப்பட்டது. பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்து போவது, குழந்தையின் மிக நுண்ணிய மூச்சுக்குழாய்களை வீங்கச் செய்து சளியால் அடைத்துவிடுகிறது.

முதலிரண்டு நாட்கள் மூக்கொழுகலும் இலேசான காய்ச்சலுமே இருக்கும். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை இரைப்பு உச்சமடையும். பெற்றோர் விழிப்பாயிருக்க வேண்டிய நாட்கள் இவையே.

குழந்தை அமைதியாயிருக்கையில் சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, அதற்கு மேல் 40 என்ற எண்ணிக்கையை எட்டினால் அது வேக மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூச்சிழுக்கையில் நெஞ்சு உட்குழிதல், முனகல், உதடு நீலம் பாய்தல், மூச்சு நின்று நின்று வருதல், எழுப்பினாலும் எழாத சோர்வு, வழக்கமான பாலில் பாதியும் குடியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் இரவென்று பாராது 108-ஐ அழையுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அருகிலுள்ள இடம் செல்லுங்கள். மூன்று மாதம் நிறையாத, குறைமாதத்தில் பிறந்த, இதயக் குறையுள்ள குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே மருத்துவரை நாட வேண்டும்.

இக்கிருமியை ஆண்டிபயாடிக் மருந்துகள் கொல்லா. இரண்டு வயதிற்குட்பட்டோருக்கு இருமல் மருந்து கூடாதென 2025 அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககமும் அறிவுறுத்தியது. ஆதலின் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் புகட்டாதீர்கள். தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். பாலூட்டுமுன் மருத்துவர் கூறும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கிலிட்டால் அடைப்பு இளகும். மிகுதியான குழந்தைகள் வீட்டிலேயே தேறிவிடுவர். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம்.

குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் நம் பாட்டிமார் அன்போடு செய்துவந்தவை. ஆயினும் இரைக்கும் குழந்தைக்கு அவை தீங்கே. பீடி, சிகரெட்டுப் புகையும் விறகடுப்புப் புகையும் அவ்வாறே.

திருமுழுக்கு விருந்திலும் கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலியிலும் குழந்தையைக் கைக்குக் கை வாங்கி முத்தமிடுவது நம் வழக்கம். ஜலதோஷமுள்ளோர் அந்நாளில் சற்று விலகி நிற்பதும், பிறர் சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே குழந்தையைத் தொடுவதும் அக்குழந்தைக்குச் செய்யும் அன்புப் பணியே.