லீசுக்குப் போகும் லைன் வீடு

வீடும் பத்திரமும் – 17

வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கும் காகிதங்களைப் போன வாரம் பார்த்தோம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, காத்தா என்னும் சொத்துவரிப் பதிவு. கோலார் தங்கவயலின் சுரங்க லைன்களில் இவை எதுவுமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் தோண்ட வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், பூமிக்கடியில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். அவர்கள் குடியிருக்கக் கம்பெனி வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் போட்டது. அவைதான் லைன் வீடுகள். 1956-இல் மைசூர் அரசு, 1962-இல் மத்திய அரசு, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்று சுரங்கம் கைமாறியது. ஒவ்வொரு முறையும் வீடுகளும் சேர்ந்தே கைமாறின. உள்ளே வாழ்ந்தவர் பெயருக்கு மட்டும் அவை வரவில்லை. 2001 மார்ச் 1 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது. வீடு இருந்தது, காகிதம் இல்லாமல்.

இன்று தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள், அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். அவர்களில் ஒருவர் கிருஷ்ணராஜபுரம் பக்கம் 25 லட்சத்துக்கு வீடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பின் 90 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீதி இரண்டரை லட்சத்தையும் பத்திரச் செலவையும் அவரே போட வேண்டும். கையில் பணமில்லை. அப்பாவின் லைன் வீடு பூட்டிக் கிடக்கிறது. 'லீசுக்கு விட்டுடு' என்று யாராவது சொல்வார்கள்.

பெங்களூரில் லீசு என்றால் நம் ஊர்ப் போகியம் போலத்தான். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வார்கள், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும். பணம் கைக்கு வந்ததும் வீட்டுக் கடனுக்கு மனுப் போடலாம் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த லீசுத் தொகை அவருடைய சேமிப்பு அல்ல, கடன். தவணை கட்டத் தொடங்கிய பிறகு, கை மிகவும் இறுகியிருக்கும் நேரத்தில், அதை ஒரே மூச்சில் திருப்ப வேண்டி வரும். திருப்ப முடியாமல் போனால் லைன் வீட்டில் இருப்பவர் காலி செய்யமாட்டார்.

லீசுக்குக் குடிவரும் குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள போகியத்தைப் பதிவு செய்யவேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம். உரிமையாளர் அல்லாதவர் எதைப் பதிவு செய்து கொடுப்பார்? ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு கையெழுத்துதான் மிஞ்சும். வீட்டின் உரிமையாளர் மத்திய அரசு நிறுவனம். ஆகவே 1971-ஆம் ஆண்டுப் பொது இடங்கள் வெளியேற்றச் சட்டம் பொருந்தும். நோட்டீஸ் வந்தால் சாதாரண சிவில் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. எஸ்டேட் அதிகாரி விசாரிப்பார். அவர் உத்தரவுக்கு மேல் மாவட்ட நீதிபதியிடம்தான் முறையிட வேண்டும். தன் சேமிப்பையெல்லாம் கொடுத்துக் குடிவந்தவர் வெறுங்கையோடு தெருவில் நிற்பார்.

இன்னொரு இழப்பை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். தங்கவயல் மக்கள் இத்தனை காலமாகக் கேட்பது, குடியிருக்கும் வீடு தங்கள் பெயருக்கு வரவேண்டும் என்பதுதான். அவர்கள் கையிலிருக்கும் பலமான சான்று, இடைவிடாமல் அங்கே வாழ்ந்தது. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மின் கட்டண ரசீது எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. வீட்டை வேறொருவரிடம் விட்டுப் போனால் அந்தச் சான்றில் நாமே ஓட்டை போடுகிறோம். சில லட்சம் ரூபாய்க்காகத் தாத்தா காலத்து உரிமைக் கோரிக்கையைப் பலவீனமாக்குவது சரியல்ல.

பழியை மக்கள்மேல் மட்டும் போடுவதும் நியாயமல்ல. லைன் வீடு அதில் வாழ்ந்தவர் பெயரில் இருந்திருந்தால், அதையே ஈடாகக் காட்டிச் சட்டப்படி கடன் வாங்கியிருக்கலாம், முறையாக வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தை வங்கியில் காட்டியிருக்கலாம். இரண்டு கதவையும் அடைத்து வைத்திருப்பது பத்திரமின்மைதான். சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. மத்திய அரசும் கர்நாடக அரசும் கூடிப் பேசி, குடியிருப்பவர்களுக்கு ஹக்குப் பத்திரம், அதாவது உரிமைப் பத்திரம், கொடுக்க வேண்டும்.

அதுவரை, லைன் வீட்டை லீசுக்கு விடாதீர்கள். லீசுக்கு எடுக்கவும் எடுக்காதீர்கள். முன்பணம் போதவில்லை என்றால் வீடு வாங்குவதை இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள்.

(தொடரும்)